சூரைக்கும் சாளைக்கும் உள்ள வித்தியாசம்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கல்வி அலுவலகத்தின் சுற்றுநிருபங்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வெண்கட்டியைப் பாதியாக முறித்துத்தான் கொடுப்பார்கள். பயிற்சிக் கொப்பிக்காகப் பிள்ளைகள் கூட்டுறவுக் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஆனால் அவற்றைப் படியெடுக்கும் கல்விக் கந்தோரின் ரோணியோ இயந்திரத்துக்கு மட்டும் ஒருநாளும் தாள் முடிந்ததில்லை.

துறைமுகத்துக்கு அண்மையில், பெரும்பாலும் கடற்றொழில் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த சிறிய அரசினர் பாடசாலை அது. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. வந்து குவியும் சுற்றுநிருபங்களை வாசித்து, எது எதை இரத்துச் செய்கிறது என்று தலைமையாசிரியரான அதிபருக்குச் சொல்வது சம்பளமில்லாமல் செய்த வேலை. அதிபர் நல்ல மனிதர். எந்தத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன்னும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் பேனாவைத் திறப்பார்.

புதிய பாடத்திட்டத்தோடு ஒரு கட்டளை வந்தது. நான்காம் வகுப்பில் சலாகை வரைபு படிப்பிக்க வேண்டும். அதாவது எண்ணிக்கைகளைப் பட்டைகளாக வரைந்து, எந்தப் பட்டை எதைவிட எவ்வளவு உயரம் என்று பார்த்து ஒப்பீட்டுக் கணக்குச் செய்ய வேண்டும். அதோடு நில்லாமல் எல்லா வகுப்பறைச் சுவர்களிலும் ஒரு வரைபு தொங்க வேண்டும் என்றும், அதற்கான தரவுகளைப் பிள்ளைகளின் சூழலிலிருந்தே பெற வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை மரக்கறி வகைகளை வரைந்து தொங்கவிட்டார். அன்றைக்கே, பழைய கோட்டைப் பக்கம் கூட்டமாகத் திரியும் மான்களில் ஒன்று அதில் அரைவாசியைத் தின்றுவிட்டது. ‘மான் உண்டதால் காட்சிப்படுத்த இயலவில்லை’ என்று நான் எழுதிய அறிக்கைக்கு, மானின் உரிமையாளர் யார் என்று கேட்டுப் பதில் வந்தது.

நான்காம் வகுப்பு ஆசிரியை மூதூரைச் சேர்ந்தவர். விடியற்காலை லோஞ்சில், அதாவது இயந்திரப் படகில், குடாவைக் கடந்து வந்து, மாலை லோஞ்சில் திரும்புவார். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் லோஞ்சு எழும்பி விழும். வகுப்புக்கு வரும்போதே அவருடைய முகம் வெளிறிப் போயிருக்கும். லோஞ்சு ஓடாத நாட்களில் நகரத்தில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்குவார். மூதூரில் அவருக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. அதைத் தமக்கையிடம் விட்டு வந்தார்.

“நான் வரக்குள்ள புள்ள தூக்கம் சேர். போகக்குள்ளயும் தூக்கம். சனி, ஞாயிறுதான் அவ முழிச்சிருந்து நான் பாக்கிறது. என்ட புள்ளைக்கு என்னென்ன கதைக்கத் தெரியும் எண்டு ராத்தாட்ட கேட்டுத்தான் அறியிறன்” என்று ஒருநாள் சொன்னார். முறைப்பாடாகச் சொல்லவில்லை. நேரசூசியை வாசிப்பது போலச் சொன்னார்.

மூதூருக்கு மாற்றம் கேட்டு அவர் அனுப்பிய முதல் விண்ணப்பம், இடப்பக்க ஓரம் போதாது என்று திரும்பி வந்தது. இரண்டாவதில் ஓரம் தாராளமாக இருந்தது. பதிலாள் இல்லை என்று திரும்பியது. மூன்றாவதை நானே எழுதிக் கொடுத்தேன். ஓட்டை எதுவும் இல்லாத விண்ணப்பம். அதற்கு வந்த பதில்: ‘இவ்வாசிரியை திறமையானவர் என அறியப்படுவதால், பாடசாலையின் நலன் கருதி விடுவிக்க முடியாது.’

அந்தப் பதிலை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப மோசமாப் படிப்பிச்சா விடுவாங்களா சேர்?”

“மோசமானவைக்கு மாற்றம் சிபார்சு செய்யக் கூடாது எண்டு இன்னொரு சுற்றுநிருபம் இருக்கு.”

“அப்ப ஆரைத்தான் விடுறாங்க?”

“நடுத்தரமா இருக்கிற ஆக்களை. கந்தோருக்கு அவையைத்தான் பிடிக்கும். அடுத்த மாதம் வட்டாரக் கல்வி அதிகாரி வகுப்புப் பாக்க வாறார். அண்டைக்கு மட்டும் கொஞ்சம் நடுத்தரமாப் படிப்பியுங்கோ.”

“அது எப்பிடிச் செய்ற?”

எனக்கும் தெரியவில்லை. அதற்குச் சுற்றுநிருபம் இருக்கவில்லை.

அவருடைய வகுப்புக்கும் என்னுடைய வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டுமே இருந்தது. ஆகவே அவர் சலாகை வரைபு படிப்பித்ததை நான் விருப்பமில்லாமலே முழுதாகக் கேட்டேன். கந்தோர் தந்த கைநூலில் உதாரணம் மலைநாட்டுப் பழங்களைப் பற்றியது. அவர் அதை மூடி வைத்துவிட்டு, கடற்கரைக்கு ஒரு கிழமையில் வந்த மீன் கூடைகளைப் பிள்ளைகளிடமே எண்ணி வரச் சொன்னார். சூரை நாற்பது கூடை. சாளை இருபத்தைந்து. பாரை பத்து. கீரி மீனும் இருந்தது. கூடைக்கு ஒரு கட்டம் என்று வரைந்தால் சூரையின் பட்டை கூரை ஓட்டைத் தொட்டிருக்கும். கையிலிருந்ததோ பழைய நாட்காட்டி ஒன்றின் பின்பக்கம். எனவே ஒரு கட்டம் ஐந்து கூடை என்று வைத்து, அந்த அளவிடையை வரைபின் அடியில் எழுதினார்.

முதல் நாள் பிள்ளைகள் எல்லாரும் கட்டங்களைத்தான் எண்ணினார்கள். சூரைக்கு எட்டுக் கட்டம், சாளைக்கு ஐந்து. வித்தியாசம் மூன்று என்று கோரசாகச் சொன்னார்கள்.

“வலையில என்ன பட்டது? கட்டமா, மீனா?” என்று ஆசிரியை கேட்டார்.

“மீன் டீச்சர்!”

“அப்ப மூண்டு என்ன? மூண்டு மீனா?”

“மூண்டு கட்டம் டீச்சர்.”

“கட்டத்தக் கறி வைக்க ஏலுமா? ஒரு கட்டத்துக்குள்ள எத்தின கூட?”

“அஞ்சு!”

“மூண்டு கட்டத்துக்குள்ள?”

தட்டிக்கு இந்தப் பக்கம் என் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து பதினைந்து என்று கத்தியது.

இரண்டு வழியாகவும் செய்யப் பழக்கினார். பட்டைகளின் உயரத்தைக் கூடைகளாக மாற்றிவிட்டுக் கழிக்கலாம். அல்லது கட்டங்களைக் கழித்துவிட்டு ஐந்தால் பெருக்கலாம். இரண்டுக்கும் ஒரே விடை வந்தபோது, பிள்ளைகள் ஆசிரியை ஏதோ வித்தை காட்டுகிறார் என்று சந்தேகப்பட்டார்கள். கீரி மீனின் பட்டை ஆறரைக் கட்டத்தில் நின்றது. அப்படியென்றால் முப்பத்திரண்டரைக் கூடை.

“அரைக் கூடை எங்க போனது?” என்று கேட்டார்.

“கறிக்கு எடுத்தது டீச்சர்” என்றாள் ஒரு சிறுமி. வகுப்பில் யாருக்கும் அது வியப்பாக இருக்கவில்லை. வள்ளம் கரைக்கு வந்தால் வீட்டுக் கறிக்கு எடுத்தது போகத்தான் மிச்சம் கணக்குக்கு வரும்.

ஒரு மாதத்தில் அந்த வகுப்பு எந்தப் பட்டையைக் காட்டினாலும், ‘எதைவிட எத்தனையால் கூட, எத்தனையால் குறைய’ என்று திருப்பித் திருப்பிச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. நடுத்தரமாகப் படிப்பிக்கும் திட்டம் அதோடு போயிற்று.

அதிகாரி வந்தார். யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் குடை. பழைய முறைப்படி இலக்கியத்தில் பட்டம் பெற்றுப் பதவி உயர்ந்தவர். புதிய கணிதப் பயிற்சி வகுப்புக்கு எல்லா ஆசிரியர்களையும் அனுப்பியவர் அவர்தான். அனுப்பும் வேலை இருந்ததால் தாம் போகவில்லை. அதிபர் அவருக்குச் சோடாவும் கப்பல் வாழைப்பழமும் கொடுத்து நான்காம் வகுப்புக்கு அழைத்து வந்தார். பாடசாலை ஆவணங்களுக்குப் பொறுப்பானவன் என்பதால் நானும் கோப்போடு பின்னால் நின்றேன்.

“என்ன படம் இது?”

“சலாகை வரைபு சேர். கடற்கரைக்கு வந்த மீன்” என்றார் ஆசிரியை.

அதிகாரி குடையின் நுனியைச் சூரைப் பட்டையின் தலையில் வைத்தார்.

“சரி. பிள்ளையள், சூரை சாளையை விட எத்தினை கூட?”

“பதினைஞ்சு சேர்!”

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு குடை நுனியால் சாளைப் பட்டையின் உச்சியிலிருந்து சூரைப் பட்டையின் உச்சி வரை மெதுவாக எண்ணினார்.

“ஒண்டு. ரெண்டு. மூண்டு. பதினைஞ்சு எங்கையிருந்து வந்தது?”

கீரிக்குக் கணக்குச் சொன்ன அதே சிறுமி எழுந்து, “ஒரு கட்டத்துக்கு அஞ்சு கூடை சேர்” என்றாள்.

“எங்கை கூடை? இந்தக் கட்டத்துக்குள்ளை எனக்கு ஒரு கூடையும் தெரியேல்லையே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் பகிடி விடவில்லை.

ஆசிரியை தணிந்த குரலில், “சேர், கீழ அளவிடை எழுதியிருக்கு” என்றார்.

“அம்மா, கீழை எழுதினது இருக்கட்டும். கண்ணுக்கு முன்னாலை மூண்டு இருக்கு. பிள்ளையள் பதினைஞ்சு எண்டினம். ஒண்டுக்கு அஞ்சாச் சொல்லுறதுக்கே நீங்கள் படிப்பிக்கிறியள்? என்ன அதிபர்?”

அதிபர் என்னைப் பார்த்தார். என் தலை ஆடுவதற்குள் அவருக்கு அவசரம் வந்துவிட்டது.

“மூண்டு எண்டும் சொல்லலாம் சேர்” என்றார்.

இன்னும் ஒரு நிமிட அவகாசம் இருந்தது. ஆசிரியை ‘ஓம் சேர், மூண்டுதான்’ என்றிருந்தால் அதிகாரி மகிழ்ந்து போயிருப்பார். மாற்றத்துக்குச் சிபார்சு எழுதக்கூடியவர் அவர் ஒருவரே என்பது அங்கிருந்த நான்கு பெரியவர்களுக்கும் தெரியும். ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, “பதினைஞ்சு கூடைதான் சேர்” என்றார்.

அதிகாரி மேலும் வாதிடவில்லை. அதிபரின் அறைக்கு வந்து, பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘நான்காம் வகுப்பு மாணவர் ஒப்பீட்டுக் கணக்கில் மிகவும் பின்தங்கியுள்ளனர். வித்தியாசம் மூன்றாக இருக்கப் பதினைந்து என்கின்றனர். ஆசிரியைக்கு வழிகாட்டல் அவசியம்.’ மூன்று என்பதன் கீழே கோடும் போட்டார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அவர் போன பிறகு ஆசிரியை தட்டியில் சாய்ந்து நின்றார்.

“முடிஞ்சுது என்ன சேர்? திறமையானவ எண்டு விடல்ல. இப்ப மோசமானவ எண்டும் விடமாட்டாங்க.”

“கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். எழுதப்பட்ட சொற்களை நான் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். மோசம் என்று அவர் எழுதவில்லை. ‘வழிகாட்டல் அவசியம்’ என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொற்களுக்கும் கந்தோரில் தனியான ஒரு சுற்றுநிருபம் உண்டு. யாரும் பயன்படுத்தாததால் அது எங்கள் அலுமாரியில் புத்தம் புதிதாகக் கிடந்தது. அதன்படி, கணிதத்தில் வழிகாட்டல் தேவைப்படும் ஆசிரியரை, கணித வழிகாட்டி ஆசிரியர் கடமையாற்றும் பாடசாலையுடன், வழிகாட்டல் நிறைவுபெறும்வரை இணைக்க வேண்டும். எங்கள் பாடசாலையில் அப்படி ஒருவர் இல்லை. நகரத்துப் பாடசாலைகளில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். மூதூரில் ஒருவர் இருந்தார். அவரிடம் வழிகாட்டல் பெறத்தான் ஆளே இல்லை.

நாங்கள் திட்டம் போட்டுச் செய்ய முடியாததை அதிகாரி தம் பாட்டில் செய்து தந்துவிட்டுப் போயிருந்தார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சுட்டிக்காட்டப்பட்ட குறையை ஆசிரியர் எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது சுற்றுநிருபம். நான் கடிதத்தைத் தயாரித்தேன். ‘வித்தியாசம் மூன்று என்பதை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரியில் ஆசிரியை நின்றுவிட்டார்.

“இதுல கையெழுத்து வைக்க ஏலா சேர்.”

“ஏன்?”

“மூண்டு இல்லையே.”

“டீச்சர், இது கணக்குக் கொப்பி இல்லை. கந்தோர்க் கடிதம். ஒருத்தரும் திருத்தமாட்டினம்.”

“நாப்பத்தஞ்சு புள்ளைகளுக்குப் பதினைஞ்சு எண்டு சொல்லிக் குடுத்துட்டு, மூண்டு எண்டு எழுதிக் குடுத்துட்டா போற? அந்த லோஞ்சுல நான் எப்பிடி ஏறுற?”

அதிபர் கைகளைப் பிசைந்தார். “ஒரு சின்ன இலக்கம்தானே டீச்சர். உங்கட குழந்தையை நினைச்சுப் பாருங்கோவன்.”

“அவவத்தான் நினைக்கிறன்.”

அன்று பாடசாலை விட்ட பிறகும் அவர் இறங்குதுறைக்குப் போகவில்லை. என் வகுப்பில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அந்த வரியைப் பார்த்தபடியே இருந்தார். லோஞ்சு தவறிவிடும் என்று இரண்டு முறை சொன்னேன். கடைசியில் என்னிடம் பேனாவை வாங்கி, ‘மூன்று’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தார். பிறகு கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ‘வித்தியாசம் மூன்று கட்டங்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.’

“இது சரி சேர். மூண்டு கட்டம்தான். முதல் நாள் புள்ளைகளும் இதத்தான் சொன்ன. இதுக்குக் கையெழுத்து வைப்பன்.”

அதிபர் அந்தச் சொல்லைக் கண்டு கலங்கிவிட்டார். “கட்டங்கள் எண்டு போட்டா அவருக்கு விளங்கிப் போயிடாதோ?”

“சேர், அவர் அலகு பார்த்து வாசிக்கிறவராயிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது” என்றேன். அதிபர் கொஞ்சம் யோசித்து, பேனாவைத் திறந்தார்.

கடிதம் போயிற்று. அதிகாரி அதை வாசித்துத் திருப்தியடைந்தாராம். தவறை உணரும் பண்பு இக்காலத்து ஆசிரியர்களிடம் அரிது என்று கந்தோரில் சொன்னதாக அங்கிருந்த எழுதுவினைஞர் ஒருவர் எனக்குச் சொன்னார். பதிலாள் இல்லை என்ற பழைய ஆட்சேபனை இந்த முறை எழவில்லை. ஏனென்றால் இது மாற்றம் அல்ல, இணைப்பு. இணைப்புக்குப் பதிலாள் தேவையில்லை. நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒன்றாக நான் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கட்டளையின் கடைசி வரியில் சேர்த்திருந்தார்கள். தட்டியைக் கழற்றுவதற்கு அனுமதி கேட்டு எழுதினேன்.

இணைக்கப்படும் ஆசிரியரின் தனிப்பட்ட கோப்பைப் பொறுப்பான ஒருவர் நேரில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஆகவே இணைப்பு நாளன்று காலை லோஞ்சில் நானும் மூதூருக்குப் போனேன். கடல் கொந்தளிப்பாக இருந்தது. முந்திய இரவு நகரத்து உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஆசிரியை, அங்கே வைத்திருந்த புடைவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தார். நான்தான் பக்கவாட்டில் தலையை நீட்டி, காலைச் சாப்பாட்டைக் குடாவுக்குக் கொடுத்தேன்.

“பழக்கமில்லாட்டி இப்பிடித்தான் சேர்” என்று முகர்ந்து பார்க்கத் தேசிக்காய் ஒன்றை நீட்டினார்.

மூதூர்ப் பாடசாலையின் அதிபர் உயரமான மனிதர். எங்களைக் கண்டதும் எழுந்து வரவேற்றார். கட்டளையை வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மாறியது.

“வழிகாட்டி மாஸ்டர் இஞ்ச இல்லையே சேர். போன கிழமைதான் டவுனுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனவர். அவருக்கு லோஞ்சு ஒத்துவராதாம்.”

நான் கதிரையில் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற ஆசிரியைக்கு அது கேட்டுவிட்டது. தமக்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்திருந்தார். ஆசிரியை குழந்தையை வாங்கிய கையோடு அசையாமல் நின்றார்.

“அப்ப வழிகாட்ட ஆளில்லாத இடத்துக்கு இவவ எடுத்தா பிழை வராதா?” என்று அதிபர் தயங்கினார். “திருப்பி அனுப்பவா வேணும்? எனக்கு நாலாம் வகுப்புக்கு ரெண்டு தவணையா ஆளே இல்ல. அதச் சொன்னா கந்தோர் காதுல விழுறதே இல்ல.”

“கட்டளையை ஒருக்கா வாசியுங்கோ” என்றேன். “எவ்வளவு காலத்துக்கு எண்டு இருக்கு?”

“வழிகாட்டல் நிறைவுபெறும்வரை.”

“வழிகாட்டி இல்லாமல் வழிகாட்டல் தொடங்குமோ?”

“இல்ல.”

“தொடங்காதது நிறைவுபெறுமோ?”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சுற்றுநிருபங்களோடு வாழ்ந்தவர்தான் அவரும். மெல்லச் சிரித்தார்.

“அப்ப இவ இஞ்சயேதான்.”

“புதிய வழிகாட்டி வேணும் எண்டு நீங்கள் எழுதிக் கேட்டால் ஒழிய.”

“நான் ஏன் எழுதுற?” என்றபடி கோப்பை இழுத்து, கிடைத்தது என்று கையெழுத்திட்டு, முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

நான் வெளியே வந்தேன். ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். எங்கள் அதிபருக்குச் செய்வதைப் போலத் தலையாட்டினேன்.

“எத்தின நாளைக்கு சேர்?”

“கந்தோரில எழுதினதை முழுசா வாசிக்கிற ஒருத்தர் வரும் வரைக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். அதிபர் உள்ளிருந்து, நான்காம் வகுப்பு சத்தம் போடுகிறது, இப்போதே போனால் நல்லது என்றார். குழந்தை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. அவர் குனிந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தமக்கையிடம் கொடுத்தார்.

“பகல் சாப்பாட்டுக்கு வாறன் மகள்” என்று சொல்லிவிட்டு, வெண்கட்டி கேட்டு அதிபரின் அறைக்குள் போனார்.